தோட்டத்து வீட்டுக்குள் இரவில் ஆள் புகுந்தால் எந்த அளவுக்குத் திருப்பி அடிக்கலாம்?

செங்காட்டான் (இழையைத் தொடங்கியவர்):

என் பெற்றோர் இருவரும் எழுபதைக் கடந்தவர்கள். பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் இடைப்பட்ட ஓர் ஊரில், ஊரை விட்டு விலகிய தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறார்கள். அடுத்த வீட்டுக்குப் போக வேண்டுமானால் வண்டித்தடத்தில் கால் மணி நேரம் நடக்க வேண்டும். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தாய், தந்தை, மகன் என மூவரும் தோட்டத்து வீட்டிலேயே கொல்லப்பட்டார்கள். ஆறு மாதம் கழிவதற்குள், 2025இல், ஈரோடு மாவட்டம் சிவகிரிப் பக்கம் தனியாக இருந்த வயதான தம்பதி கொல்லப்பட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் பகுதியில் இருட்டிய பிறகு நாய் குரைத்தால் யாரும் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை.

அப்பா கயிற்றுக் கட்டிலுக்கு அடியில் ஓர் அரிவாளும் தலைமாட்டில் ஒரு டார்ச்சும் வைத்திருக்கிறார். போன வாரம் பேசிக்கொண்டிருக்கும்போது, "உள்ள வந்தவன வெட்டுனா நாந்தான் செயிலுக்குப் போவோணும், வெட்டாம உட்டா சுடுகாட்டுக்குப் போவோணும்" என்றார். அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் வீட்டுக்குள் புகுந்தவனைச் சுட்டுக் கொன்றால் வழக்கே இல்லை என்று படித்திருக்கிறேன். அப்படியொரு சட்டம் நமக்கும் வேண்டும் என்பது என் கருத்து. நள்ளிரவில் தாழ்ப்பாளை உடைத்து வருகிறவன் பேச்சுவார்த்தைக்கு வருவதில்லை. அவன் உயிருக்கு என்ன ஆனாலும் அந்தப் பொறுப்பு அவனுடையது என்று சட்டம் ஒரே வரியில் சொல்லிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

நீதிமன்ற வளாகம்:

உங்கள் தந்தையின் கவலை புரிகிறது. ஆனால் சட்டம் அவருக்கு எதிராக இருக்கிறது என்ற எண்ணம் தவறு. நம் நாட்டுச் சட்டம் இந்த ஒரு விஷயத்தில் பலரும் நினைப்பதைவிட வீட்டுக்காரருக்கு மிகவும் சாதகமானது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரை இருந்த தற்காப்புரிமைப் பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகளாக, ஏறக்குறைய அதே வாசகத்தில் இருக்கின்றன. தன் உடலை மட்டுமல்லாமல் பிறர் உடலையும், தன் சொத்தை மட்டுமல்லாமல் பிறர் சொத்தையும் காக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு.

உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது 41ஆம் பிரிவு. சொத்தைக் காக்கும்போது எதிரியின் மரணம் வரை போகலாம் என்று அது நான்கு சூழல்களைச் சொல்கிறது: கொள்ளை, சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் வீட்டை உடைத்து நுழைதல், குடியிருக்கும் வீட்டுக்கோ பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்கோ தீ வைத்தல் அல்லது வெடி வைத்தல், தடுக்காவிட்டால் உயிர் போகும் அல்லது கொடுங்காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்சத்தக்க நிலையில் நடக்கும் திருட்டு, சேதம் விளைவித்தல், வீட்டுக்குள் அத்துமீறல். இரண்டாவதைக் கவனியுங்கள். இரவில் வீட்டை உடைத்து வருகிறவன் கையில் கத்தி இருந்ததா என்று அந்த வரி கேட்கவில்லை. இரவும் உடைப்பும் இருந்தாலே போதும்.

இதில் 'உடைப்பு' என்றால் கதவைப் பிளப்பது மட்டுமன்று. சுவரில் கன்னமிடுவது, ஓட்டைப் பிரித்து இறங்குவது, சுவரேறிக் குதித்துச் சன்னல் வழியாக வருவது, பூட்டைத் திறப்பது, வீட்டில் இருப்பவரைத் தாக்கியோ மிரட்டியோ நுழைவது எல்லாம் அதில் அடங்கும். மாறாக, திறந்து கிடந்த கதவு வழியாக ஒருவன் சாதாரணமாக உள்ளே நடந்து வந்திருந்தால் அது அத்துமீறலே தவிர உடைப்பு ஆகாது. அப்போது நான்காவது சூழல் இருந்ததா, அதாவது உயிர்ப்பயம் நியாயமாக இருந்ததா என்று பார்ப்பார்கள். கோடைக்காலத்தில் வாசலிலும் களத்திலும் கட்டில் போட்டுப் படுக்கும் வழக்கம் உங்கள் பக்கம் உண்டு. களம் கட்டடம் ஆகாது. அங்கே ஒருவன் வந்து நின்றால் வீட்டை உடைத்தான் என்று சொல்ல முடியாது. ஆயினும் அவன் ஆயுதத்துடன் பாய்ந்தால் உடலைக் காக்கும் உரிமையைச் சொல்லும் 38ஆம் பிரிவு இருக்கிறது. அதற்கு இரவு பகல், உள் வெளி என்ற பேதம் கிடையாது.

இனி வேலியைச் சொல்கிறேன். 37ஆம் பிரிவு இரண்டு தடைகளை வைக்கிறது. காவல்துறையின் உதவியை நாட நேரம் இருந்த இடத்தில் தற்காப்புரிமை இல்லை. உரிமை இருக்கும் இடத்திலும், காத்துக்கொள்ளத் தேவையான அளவைத் தாண்டித் தீங்கு செய்யக் கூடாது. 43ஆம் பிரிவு இந்த உரிமை எப்போது முடிகிறது என்பதைச் சொல்கிறது. இரவில் உடைத்து நுழைந்தவன் வீட்டுக்குள் இருக்கும்வரை அது நீடிக்கும். அவன் வெளியேறி ஓடத் தொடங்கிய பிறகு அந்த அடிப்படையில் அவனை வெட்ட முடியாது. வழக்குகள் பெரும்பாலும் இந்த ஓர் இடத்தில்தான் சிக்குகின்றன. அரிவாள் விழுந்தபோது அவன் எந்தப் பக்கம் பார்த்து நின்றான் என்பதே கேள்வி.

நொய்யல்கரை:

ஐயா, புத்தகத்தில் இருப்பதெல்லாம் சரி. நிலையத்தில் நடப்பது வேறு. செத்தவன் திருடனாக இருந்தாலும் பிணம் விழுந்த வீட்டுக்காரனைத்தான் முதலில் ஜீப்பில் ஏற்றுவார்கள். எழுபது வயதுக்காரர் ஜாமீனுக்காக எத்தனை நாள் உள்ளே இருக்க வேண்டும்? இறுதியில் விடுதலை கிடைக்கும் என்பது அவருக்கு என்ன ஆறுதல்?

பழைய காக்கி:

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் நொய்யல்கரைக்குப் பதில் சொல்கிறேன். அவர் சொல்வதில் பாதி உண்மை. ஓர் உயிர் போயிருக்கும்போது வழக்குப் பதிவு செய்யாமல் விடும் அதிகாரம் நிலையத்தில் யாருக்கும் இல்லை. வீட்டுக்காரர் கொடுக்கும் புகாரின்மேல் புகுந்தவர்கள்மீது ஒரு வழக்கும், இறப்பு குறித்து மற்றொன்றும் வரும். ஆனால் வழக்குப் பதிவாவது குற்றம் உறுதியாவது ஆகாது. விசாரணையில் தற்காப்பு என்று தெரிந்தால் மேல்நடவடிக்கை கைவிடப்பட்டதாக அறிக்கை தாக்கல் செய்ய வழி உண்டு. 2012இல் மதுரையில், மகளிடம் தகாத முறையில் நடக்க முயன்ற கணவனைத் தாய் தடுக்கப் போய், அவள் அடித்த அடியில் அவன் இறந்தபோது, அந்தத் தாயைத் தற்காப்புரிமைப் பிரிவைச் சுட்டிக் காவல்துறையே விடுவித்தது. அது வீடு புகுந்த வழக்கு அன்று என்றாலும், விசாரணை அதிகாரிக்கு அந்த இடம் இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. எல்லா அதிகாரிகளும் அந்தத் துணிவைக் காட்டுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். "எதற்கு வம்பு, நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும்" என்று கையைக் கழுவுவது எளிது.

அந்த அதிகாரிக்குத் துணிவு தருவது இடத்தில் கிடைக்கும் தடயம். பெயர்ந்த தாழ்ப்பாள், பிரித்த ஓடு, சுவரில் சாத்திய ஏணி, அவன் கொண்டுவந்த கடப்பாரை, வீட்டுக்காரர் உடம்பில் உள்ள காயம் ஆகியவை பேசினால் வீட்டுக்காரர் அதிகம் பேச வேண்டியதில்லை. ஆனால் நம் மக்கள் செய்வது என்ன? பதற்றத்தில் வாசலைக் கழுவிவிடுவார்கள், பிணத்தை இழுத்து வெளியே போடுவார்கள், அரிவாளைக் கிணற்றில் வீசுவார்கள், "எங்களுக்கு ஒன்றும் தெரியாது, விடிந்து பார்த்தபோது கிடந்தான்" என்பார்கள். தற்காப்பு என்ற வாதமே "ஆம், நான்தான் அடித்தேன், இன்ன காரணத்தால் அடித்தேன்" என்பதில் தொடங்குகிறது. அடிக்கவே இல்லை என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு தற்காப்பு என்றால் கதை கோணலாகிவிடும். உடனே 100க்கோ 112க்கோ அழைத்து, நடந்ததை நடந்தபடி சொல்லி, தன் காயத்தை அரசு மருத்துவமனையில் அன்றைக்கே பதிந்துகொண்டவர்களின் வழக்குகள் வேறு மாதிரி முடிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

துப்பாக்கி வாங்கலாமா என்று அடுத்து யாரேனும் கேட்பீர்கள். உரிமம் கேட்டு மாவட்ட நிர்வாகத்திடம் விண்ணப்பிக்கலாம். கிடைப்பது எளிதன்று. கிடைத்தாலும் ஒவ்வொரு தேர்தல் அறிவிப்பின்போதும் அதை நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். எழுபது வயதில் இருட்டில் தோட்டா போட்டுக் குறிபார்க்கும் நிலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதையும் யோசியுங்கள். பறிபோன துப்பாக்கி அடுத்த வீட்டில் வேலை செய்யும்.

டாலஸ்வாசி:

செங்காட்டான் அமெரிக்காவைக் குறிப்பிட்டதால் எழுதுகிறேன். நான் இருக்கும் டெக்சாஸ், இந்த நாட்டிலேயே வீட்டுக்காரருக்கு அதிக இடம் தரும் மாநிலங்களில் ஒன்று. இரவில் நடக்கும் திருட்டைத் தடுக்கவும், பொருளோடு தப்பி ஓடுகிறவனை நிறுத்தவும்கூட, வேறு வழியில் பொருளை மீட்க முடியாது என்பன போன்ற நிபந்தனைகளோடு, உயிர்போகும் தாக்குதலை இந்த மாநிலச் சட்டம் அனுமதிக்கிறது. 2007இல் ஹூஸ்டனை அடுத்த பாசடீனாவில், பக்கத்து வீட்டில் திருடிவிட்டு வெளியே வந்த இருவரை ஒருவர் சுட்டுக் கொன்றார். அவசர உதவித் தொலைபேசியில் பேசிய பணியாளர் "வெளியே போகாதீர்கள், காவலர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் கேட்கவில்லை. மறு ஆண்டு, அவர்மீது வழக்குத் தொடரத் தேவையில்லை என்று பெருநடுவர் குழு முடிவு செய்தது. செத்தவர்கள் திருடர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அங்கே யாருடைய உயிருக்கும் ஆபத்து இருந்ததா?

"வழக்கே இல்லை" என்பதும் முழு உண்மை அன்று. மினசோட்டா மாநிலத்தில் லிட்டில் ஃபால்ஸ் என்ற சிற்றூரில் 2012ஆம் ஆண்டு நன்றியறிதல் நாளன்று நடந்ததைச் சொல்கிறேன். அறுபத்து நான்கு வயதுக்காரர் ஒருவர் தனியாக இருந்த வீட்டில் அதற்கு முன் பலமுறை திருட்டு நடந்திருந்தது. அவருடைய அச்சம் பொய் இல்லை. அன்று அவர் தன் வண்டியைத் தொலைவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, வீட்டில் ஆள் இல்லாததுபோல் காட்டி, கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டுத் துப்பாக்கிகளோடு காத்திருந்தார். ஒலிப்பதிவுக் கருவியையும் ஓடவிட்டிருந்தார். பதினேழு வயதுப் பையன் முதலில் படியிறங்கி வந்தான். சுட்டார். உடலை ஒரு தார்ப்பாயில் இழுத்து ஒதுக்கிவிட்டு மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார். சில நிமிடங்கள் கழித்துப் பதினெட்டு வயதுப் பெண் இறங்கி வந்தாள். அவளையும் சுட்டார். விழுந்த பிறகும் சுட்டார். காவல்துறைக்குச் செய்தி போனது மறுநாள்தான். 2014இல் நடுவர் குழு ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் முடிவெடுத்தது. திட்டமிட்ட கொலை என்று தீர்ப்பாகி, பரோல் இல்லாத ஆயுள் தண்டனை கிடைத்தது. வீட்டுக்காரருக்கு இடம் தரும் சட்டம் மினசோட்டாவிலும் உண்டு. முதல் தோட்டாவோடு அவர் நிறுத்தி, உடனே தொலைபேசியை எடுத்திருந்தால் வழக்கு எப்படிப் போயிருக்கும் என்று இன்றும் இங்கே விவாதிக்கிறார்கள். அவரைச் சிறைக்கு அனுப்பியது அவருடைய ஒலிப்பதிவே.

லண்டன்வாசி:

தோட்டத்து வீடு என்றதும் எனக்கு நினைவு வருவது இங்கிலாந்தின் நார்ஃபோக் வழக்கு. உங்கள் நிலைமைக்கு அமெரிக்காவைவிட அது நெருக்கமானது. ஊருக்கு ஒதுக்குப்புறமான பண்ணை வீட்டில் தனியாக இருந்த ஒரு விவசாயி, பலமுறை திருட்டுக்கு ஆளாகிக் காவல்துறைமீது நம்பிக்கை இழந்தவர், 1999 ஆகஸ்ட் மாதத்தில் ஓர் இரவு வீட்டுக்குள் புகுந்த இருவரைச் சுட்டார். பதினாறு வயதுப் பையன் முதுகில் குண்டடிபட்டு இறந்தான். மற்றவன் காயத்தோடு தப்பினான். அந்தத் துப்பாக்கிக்கு உரிமம் இல்லை. அவரிடம் இருந்த சான்றிதழ் பல ஆண்டுகளுக்கு முன்பே பறிக்கப்பட்டிருந்தது. 2000இல் கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை. 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கொலை ஆகாத குற்றமாக்கி ஐந்தாண்டுகளாகக் குறைத்தது. ஆனால் குறைத்தது தற்காப்பை ஏற்று அன்று, அவருடைய மனநிலைக் குறைபாட்டை ஏற்று. பலரும் இதை மறந்துவிட்டு, தற்காப்பு வென்ற வழக்கு என்று எழுதுகிறார்கள்.

நாடே இரண்டாகப் பிரிந்து நின்ற வழக்கு அது. நீண்ட விவாதத்துக்குப் பிறகு 2013இல் சட்டத்தைத் திருத்தினார்கள். வீட்டுக்குள் புகுந்தவனுக்கு எதிராக வீட்டுக்காரர் பயன்படுத்திய பலம் சற்று மிஞ்சிப்போனாலும் அந்த ஒரு காரணத்தால் மட்டும் அவர் குற்றவாளி ஆகமாட்டார். முற்றிலும் மிதமிஞ்சிப் போயிருந்தால்தான் பாதுகாப்பை இழப்பார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது உயிரைக் காக்கும்போது மட்டும் பொருந்தும். பொருளைக் காக்கும்போது பொருந்தாது. கட்டடத்துக்குள் பொருந்தும், துரத்திக்கொண்டு தெருவுக்குப் போனால் பொருந்தாது. 2016இல் உயர் நீதிமன்றம், இந்தத் திருத்தம் வீட்டுக்காரருக்குக் கொடுத்த அனுமதிச்சீட்டு அன்று, செய்தது அந்தச் சூழலில் நியாயமா என்ற கேள்வி அப்படியே இருக்கிறது என்று விளக்கிவிட்டது. இவ்வளவு சுற்றி அவர்கள் வந்து சேர்ந்த இடம், வழக்கறிஞர் ஐயா சொன்ன 41, 43ஆம் பிரிவுகளைவிட வீட்டுக்காரருக்கு அதிகம் கொடுத்துவிடவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

செங்காட்டான்:

அனைவருக்கும் நன்றி. மினசோட்டாக்காரரை நானும் ஆதரிக்கவில்லை. பொறி வைத்துக் காத்திருந்து வேட்டையாடியவர் அவர். என் கேள்வி அவரைப் பற்றியது அன்று. தூக்கத்திலிருந்து விழித்த கிழவரைப் பற்றியது. மின்சாரம் இல்லை, கண்ணாடி எங்கே வைத்தோம் என்று தெரியாது, வந்தவர்கள் இருவரா நால்வரா என்று தெரியாது, கையில் இருப்பது டார்ச்சா கத்தியா என்று தெரியாது. அந்த நிலையில், "தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது" என்று சட்டம் சொல்வது குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எழுதிய வாசகமாகப் படுகிறது. ஒரு வெட்டோடு நிறுத்துவதா, இரண்டா? அவன் விழுந்தது நடிப்பா உண்மையா? இதையெல்லாம் அவர் எப்படி அளப்பார்?

நீதிமன்ற வளாகம்:

நியாயமான கேள்வி. நீதிமன்றங்களும் இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டுதான் பதில் சொல்லியிருக்கின்றன. உயிர்ப்பயத்தில் இருப்பவர் தன் ஒவ்வோர் அடியையும் தங்கத் தராசில் நிறுத்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்பது உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் திரும்பத் திரும்பச் சொன்னது. 2010ஆம் ஆண்டின் தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில், முந்தைய தீர்ப்புகளையெல்லாம் திரட்டிப் பத்துக் கோட்பாடுகளாகவே வகுத்துத் தந்தார்கள். நியாயமான அச்சம் தோன்றிய கணத்திலேயே உரிமை தொடங்குகிறது, முதல் அடியை வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை, கோழைபோல் ஓட வேண்டும் என்று சட்டம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை என்பவை அதிலிருந்து தெளிவாகின்றன. தற்காப்பை ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய சுமையும் உங்கள் தந்தைக்கு இல்லை. அது நடந்திருக்கக்கூடும் என்று தோன்றும் அளவுக்குக் காட்டினால் போதும். அதுவும் அரசுத் தரப்புச் சாட்சிகளின் வாயிலிருந்தே வந்தாலும் போதும்.

அச்சத்தில் எல்லை மீறிவிட்டாலும் சட்டம் கைவிடுவதில்லை. நல்லெண்ணத்தோடு, முன்திட்டம் இல்லாமல், தேவைக்கு மேல் தீங்கு செய்யும் நோக்கம் இல்லாமல் உரிமையின் எல்லையைத் தாண்டியிருந்தால், அது கொலையிலிருந்து ஒரு படி இறங்கிவிடும் என்று 101ஆம் பிரிவின் இரண்டாவது விதிவிலக்கு சொல்கிறது. அப்போதும் தண்டனை சிறியது அன்று என்பதை மறைக்க விரும்பவில்லை. புதிய சட்டத்தின் 105ஆம் பிரிவில், மரணம் விளைவிக்கும் எண்ணத்தோடு செய்ததாக இருந்தால், குறைந்தது ஐந்தாண்டுகள் என்று வைத்துவிட்டார்கள். பழைய சட்டத்தில் அந்தக் கீழ்வரம்பு கிடையாது. வீட்டுக்காரரின் பக்கத்திலிருந்து பார்த்தால் உண்மையாகவே மோசமான மாற்றம் அது ஒன்றுதான். அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

நீதிமன்றம் இரக்கம் காட்டாத இடம் எதிரி திரும்பி ஓடிய பிறகு நடப்பது. ஜெய் தேவ் எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற 1960களின் தொடக்கத்து வழக்கில், தாக்க வந்தவர்கள் கலைந்து ஓடிய பிறகும், தொலைவில் நின்றவரைச் சுட்டவர்களுக்குத் தற்காப்பு கைகொடுக்கவில்லை. இருட்டில் இரண்டு வெட்டா மூன்று வெட்டா என்று எந்த நீதிபதியும் எண்ணிக்கொண்டிருக்கப் போவதில்லை. வரப்பைத் தாண்டித் துரத்திப் போய் வெட்டினாரா என்று நிச்சயம் பார்ப்பார்கள்.

மேட்டாங்காடு:

இத்தனை சட்டமும் ஆள் விழித்திருந்தால்தானே? எங்கள் பக்கம் காட்டுப்பன்றிக்குக் கம்பி கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அதையே வீட்டைச் சுற்றி இரவில் மட்டும் கட்டி மின்சாரம் கொடுத்துவிட்டால் என்ன? உள்ளே வர வேண்டும் என்று நாம் யாரையும் அழைக்கவில்லையே.

பழைய காக்கி:

தயவு செய்து செய்யாதீர்கள். பணியில் இருந்தபோது மின்கம்பியில் விழுந்து கிடந்தவர்களைப் பார்த்தவன் சொல்கிறேன். நான் பார்த்தவர்களில் திருடன் ஒருவன்கூட இல்லை. விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துத் தோட்டத்துக்காரர், மாடு தேடி வந்த பையன், கம்பி கட்டியதையே மறந்துபோன வீட்டுக்காரர் ஆகியோர்தான் விழுந்தார்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளிப் பக்கம் ஒரே இரவில் மூன்று யானைகள் செத்ததும் அப்படிப்பட்ட சட்டவிரோதக் கம்பியில்தான்.

நீதிமன்ற வளாகம்:

இதற்கு நேரான தீர்ப்பே இருக்கிறது. செருபின் கிரகரி எதிர் பீகார் மாநிலம், 1963. ஒருவர் வீட்டுக் கழிப்பறையை அண்டை வீட்டார் அனுமதியின்றிப் பயன்படுத்தி வந்தார்கள். அவர்களுடைய கழிப்பறைச் சுவர் சில நாள்களுக்கு முன் இடிந்துபோயிருந்தது. வாயால் சொல்லியும் கேட்கவில்லை என்பதால் அவர், கழிப்பறைக்குப் போகும் வழியில் உறையில்லாத கம்பியைக் கட்டி வீட்டு மின்சாரத்தை அதில் பாய்ச்சினார். ஓர் அண்டை வீட்டுப் பெண் அதைத் தொட்டு இறந்தார். சொத்தைக் காத்தேன் என்ற வாதம் உச்ச நீதிமன்றத்தில் எடுபடவில்லை. அத்துமீறி வருகிறவரும் சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர் அல்லர், அவருக்குத் தீங்கு நேர வேண்டும் என்றே பொறி வைக்க நில உரிமையாளருக்கு உரிமை கிடையாது என்றார்கள். அமெரிக்காவில் அயோவா மாநில உச்ச நீதிமன்றமும் 1971இல், பூட்டிக் கிடந்த பண்ணை வீட்டின் கதவில் துப்பாக்கியைக் கட்டிவைத்த உரிமையாளரை, காலில் சுடப்பட்ட திருடனுக்கே இழப்பீடு கொடுக்க வைத்தது.

காரணம் எளிது. தற்காப்புரிமை முழுவதும் அந்தக் கணத்தில் ஒரு மனிதருக்குத் தோன்றிய அச்சத்தின்மேல் நிற்கிறது. கம்பிக்கு அச்சம் தோன்றாது. வந்தது கடப்பாரைக்காரனா, கறிவேப்பிலை பறிக்க வந்த பக்கத்து வீட்டுப் பாட்டியா என்று அது பார்க்காது.

திண்ணைப்பேச்சு:

இங்கே பேசுகிறவர்கள் எல்லாரும் வந்தவன் திருடன்தான் என்று முடிவு கட்டிவிட்டே பேசுகிறீர்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த குடும்பத்தைப் பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று எண்ணி ஊரே அடித்ததில், அறுபதைக் கடந்த ஒரு பெண்மணி உயிரிழந்தார். அவர் செய்த குற்றம் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் நம் கோவையை ஒட்டிய அட்டப்பாடியில், அரிசியும் மளிகையும் திருடியதாகச் சொல்லி ஒரு பழங்குடி இளைஞரைக் காட்டுக்குள் போய்ப் பிடித்து, கையைக் கட்டி, அடித்தே கொன்றார்கள். 2023இல் மண்ணார்க்காடு நீதிமன்றம் பதின்மூன்று பேருக்கு ஏழாண்டுச் சிறை விதித்தது. பிடிபட்டவனைத் தென்னைமரத்தில் கட்டிவைத்து ஆளுக்கு ஓர் அடி போடுவது நம் ஊர்களில் ஏதோ மரபு உரிமைபோல் நடக்கிறது. கட்டிய பிறகு அங்கே தற்காப்பு எங்கே இருக்கிறது? செங்காட்டான் கேட்கும் ஒரே வரிச் சட்டம் வந்தால் அதன் முதல் பயனாளிகள் தனியாக இருக்கும் முதியவர்களாக இருக்க மாட்டார்கள், இந்தக் கூட்டம்தான் என்பது என் அச்சம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2019இல் கடையம் பக்கம் கல்யாணிபுரத்தில், இதேபோல் ஒதுக்குப்புறமான தோட்டத்து வீட்டில், திண்ணையில் உட்கார்ந்திருந்த பெரியவரின் கழுத்தை முகமூடிக்காரன் ஒருவன் பின்னாலிருந்து துண்டால் இறுக்கினான். கூட வந்தவனும் அரிவாளோடு நின்றான். உள்ளிருந்து வந்த மனைவி கையில் கிடைத்த செருப்பை எறிந்தார். பிறகு இருவரும் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கி எறிந்தும் அவற்றாலேயே தள்ளியும் இருவரையும் விரட்டினார்கள். அம்மாவுக்குக் கையில் வெட்டு, சங்கிலியும் போயிற்று, ஆனால் உயிரோடு மீண்டார்கள். கண்காணிப்புக் கேமராவில் பதிவான அந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. சுதந்திர தினத்தன்று அரசு அவர்களுக்கு விருது கொடுத்தது. அந்த நாற்காலி அடியில் ஒருவன் விழுந்து செத்திருந்தாலும் எந்த நீதிமன்றமும் அவர்களைத் தொட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

செங்காட்டான்:

அட்டப்பாடியை நான் யோசிக்கவில்லை. கூட்டத்துக்கு அந்த உரிமை வேண்டாம் என்பதில் உடன்படுகிறேன். ஆனால் தனியாக இருக்கும் முதியவர்களைக் கைது செய்யும் முன் ஒரு கண்காணிப்பாளர் நிலை அதிகாரியாவது தற்காப்புக் கோணத்தைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று விதி இருக்கலாம் என்பதில் உறுதியாக இருக்கிறேன். நொய்யல்கரையின் கேள்விக்கு இதுவரை யாரும் முழுப் பதில் சொல்லவில்லை.

கடைசியாக ஒன்று. அப்பாவும் சுற்றியுள்ள ஐந்தாறு தோட்டத்துக்காரர்களும், ஒரு வீட்டில் விசில் ஊதினால் மற்றவர்கள் தடியோடு ஓடிவருவது என்று பேசி வைத்திருக்கிறார்கள். ஓடிவருகிறவர் அடித்து ஒருவன் செத்தால், அது அவருடைய வீடு இல்லை என்பதால் சட்டம் அவரைக் காக்காதா?

நீதிமன்ற வளாகம்:

காக்கும். 35ஆம் பிரிவில் "வேறு எவருடைய உடலும், வேறு எவருடைய சொத்தும்" என்றே இருக்கிறது. வீட்டுக்காரருக்கு அந்தக் கணத்தில் என்ன உரிமை உண்டோ அதே உரிமை ஓடிவருகிறவருக்கும் உண்டு. அதற்கு மேல் இல்லை. விசில் கேட்டு அவர் வந்து சேரும்போது உள்ளே வந்தவன் இன்னும் வீட்டுக்குள் இருக்கிறானா, ஓடிவிட்டானா, அல்லது பிடித்துக் கட்டப்பட்டிருக்கிறானா என்பதைப் பொறுத்து மூன்று வெவ்வேறு வழக்குகள். முதலாவதில் தடியைப் பயன்படுத்தலாம். இரண்டாவதில் துரத்திப் பிடிக்கலாம். பிணையில் விட முடியாத கைதுக்குரிய குற்றத்தைத் தன் கண்முன் செய்தவனைத் தனிநபரே பிடிக்கச் சட்டம் இடம் தருகிறது. பிடித்தால் தாமதமின்றிக் காவல்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். மூன்றாவதில் தடியைக் கீழே போட்டுவிட வேண்டும். அந்த ஐந்தாறு பேரையும் உட்கார வைத்து இந்த மூன்றாவதை மட்டும் இரண்டு முறை சொல்லுங்கள். விசிலோடு கூடவே 112க்கு அழைக்கும் வேலையை யாராவது ஒருவர் பெயருக்கு எழுதி வையுங்கள். அழைத்த நேரம் பதிவாகிவிடும். பிறகு வரும் எந்த விசாரணையிலும் அந்தப் பதிவு உங்கள் தந்தையின் பக்கம் நிற்கும் முதல் சாட்சி.